நெடி எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில் பகுதிக்கு இந்த முறை ஃபேன்டசி நாவல் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஏழாகச் சுருக்கியிருக்கிறோம்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: ஃபேன்டசி எழுத உட்கார்ந்தால் டிராகன், பனிக்கோட்டை, மந்திரவாதிகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்றே வருகிறது. எல்லாம் ஏற்கெனவே பார்த்த படங்கள் என்று எனக்கே தெரிகிறது. வேறு விதையை எங்கே தேடுவது?

முதலில் அடுப்படியில் தேடுங்கள். குழந்தைக்குத் திருஷ்டி கழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மிளகாய், கல் உப்பு, முச்சந்தி மண். மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். மிளகாய் கருகினால் வீடே இருமவேண்டும். இருமல் வரவில்லை என்றால், "பாத்தியா, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு!" என்பார் பாட்டி. பொருள், செய்முறை, சோதனை முடிவு எல்லாம் இதிலேயே இருக்கின்றன. இயற்கை விதி ஒன்று தலைகீழாகவும் ஆகிறது: மிளகாய் எரிந்தும் நெடி இல்லை.

இனி உங்கள் வேலை ஒரே ஒரு கேள்வி கேட்பது: நெடி எங்கே போனது?

முதலில் தோன்றும் பதிலை விட்டுவிடுங்கள், அது எல்லோருக்கும் தோன்றும். இரண்டாவது பதில்: கண் வைத்தவரின் தொண்டைக்குப் போனது. அப்படியானால் திருஷ்டி கழித்த கையோடு வாசலுக்கு வந்து, தெருவில் யார் இருமுகிறார்கள் என்று பார்த்தால் போதும். அந்த ஊரில் சளி பிடித்தவர் கதி என்ன? மூன்றாவது பதில்: யாரோ அந்த நெடியைப் பல வருடமாகத் தாழியில் சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டாவது பதிலில் நல்ல சிறுகதை இருக்கிறது. மூன்றாவதில் நாவல் இருக்கலாம்.

இதை ஒழுங்காகச் செய்ய 30 அட்டைகள் வாங்குங்கள். நாளைக்கு இரண்டு என்று 15 நாள். முன்பக்கத்தில் ஒரு வழக்கம், ஒரு பழைய கருவி அல்லது ஒரு சொல், இரண்டே வரியில். பின்பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில்: இது யாருக்குப் பலிக்காது? தப்பாகச் செய்தால் என்ன ஆகும்? இதை வைத்து யார் பணம் பண்ணுவார்? பின்பக்கம் நிரம்பாத அட்டைகளைக் கடைசி நாளில் தூக்கிப் போடுங்கள். நாலைந்து மிஞ்சினால் போதும். அவற்றில் ஒட்டுறவே இல்லாத இரண்டை எடுத்துச் சேருங்கள். திருஷ்டி மிளகாயும் நாழிகை வட்டிலும் சேர்ந்தால்? அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தைக் கணக்கிடுவது பழைய நேரக் கருவி. ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. அந்த 24 நிமிடத்துக்குள் கண் வைத்தவரைக் கண்டுபிடிக்காவிட்டால் நெடி திரும்பி வரும் என்று வையுங்கள். கதைக்கு ஓட்டம் வந்துவிடும்.

அட்டை நிரப்ப நல்ல இடங்கள்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (ஆறு தொகுதிகள், 1924 முதல் 1936 வரை), சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி (1910), சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் தொகுத்து 1912-ல் வெளியிட்ட ஆங்கில நூல். தர்ஸ்டனிடம் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய அபிப்பிராயத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய இலக்கியங்களுக்கு இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் இருக்கின்றன, காசு கொடுக்க வேண்டாம். யூடியூபில் 'மர்மம்' என்று தலைப்பு வைத்த காணொளிகளிலிருந்து அட்டை எழுதாதீர்கள். அதிலுள்ள வியப்பெல்லாம் வேறொருவர் ஏற்கெனவே மென்று துப்பியது.

வங்கி ஊழியர், கும்பகோணம்: மேஜிக் சிஸ்டம் என்றால் நெருப்பு, நீர், காற்று, மண் என்று பிரிப்பதுதான் எனக்குத் தெரியும். தமிழிலேயே ஊறிய ஒரு மந்திர முறையை எப்படிக் கட்டுவது? ஒன்றை முழுதாகக் கட்டிக் காட்ட முடியுமா?

காட்டலாம். பாட்டாலேயே ஒருவரை அழிக்கும் அறம் பாடுதலை எடுத்துக்கொள்வோம்.

9-ஆம் நூற்றாண்டின் நந்திக் கலம்பகத்தைச் சுற்றி ஒரு கதை வழங்குகிறது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மனைக் கொல்லவே அது பாடப்பட்டதாம். பாட்டுக்கு ஒரு பந்தல் எரிய, தெரிந்தே ஒவ்வொரு பந்தலாக மாறி உட்கார்ந்து கேட்டு, கடைசிப் பாட்டில் மன்னன் உயிர் விட்டான் என்பார்கள். இது வரலாறு அல்ல, கதை. நமக்கு வேண்டியதும் கதைதான். இதை எழுத்தாளர் கண்ணால் பாருங்கள். கொல்வது பாட்டு. ஆனால் கொல்லப்படுகிறவர் கேட்டாக வேண்டும். காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனால் பிழைத்துவிடுவார். ஆகவே கதையின் சிக்கல் 'எப்படிக் கொல்வது' இல்லை, 'எழுந்து போகாமல் எப்படி உட்கார வைப்பது'. மோசமான கவிஞரால் யாரையும் கொல்ல முடியாது. இப்படி ஒரு விதி கிடைத்தால் நாலு பூதங்களையும் மறந்துவிடலாம்.

அடுத்தது கருவி. செய்யுள் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஒரு செய்யுளின் முதல் சொல்லுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன: மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம். நமக்கு அதிகம் பயன்படுவது உண்டிப் பொருத்தம். சில எழுத்துகள் அமுது, சில நஞ்சு. க, ச, த, ந, ப, ம, வ என்ற மெய்வரிசைகளும் அ, இ, உ, எ என்ற குறில்களும் அமுத எழுத்துகள். யா, யோ, ரா, ரோ, லா, லோ முதலானவை நச்செழுத்துகள், பாட்டின் முதலில் வந்தால் பாட்டுடைத் தலைவனுக்கு ஆகாது. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ர, ல இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கணம். ஆக, கையில் நிற்கும் நஞ்சு பெரும்பாலும் 'யா' ஒன்றுதான். யானை, யாக்கை, யாறு, யாழ். பாணன் தோளில் தொங்கும் கருவியின் பெயரே நஞ்சில் தொடங்குகிறது! சபையில் ஒரு பாணர் "யாழ்" என்று எடுத்ததும் காவலர்கள் வாளில் கை வைக்கும் காட்சியை நீங்கள் எழுதலாம், விளக்கமே தேவைப்படாது.

அளவு வேண்டும். ஒரு மந்திரம் என்பது ஒரு நாலடி வெண்பா என்று வையுங்கள். 4, 4, 4, 3 என மொத்தம் 15 சீர். சீரும் சீரும் சேருமிடம், அதாவது தளை, 14. ஒவ்வோர் இடத்திலும் மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்ற விதி பொருந்த வேண்டும். முடிவு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. தளை எங்கே தட்டுகிறதோ அங்கே மந்திரம் பாடியவர் பக்கம் திரும்பும். பள்ளிக்கூடத்தில் அலகிட்டு வாய்பாடு எழுதிய வாசகர் உங்களுக்கு முன்னாலேயே தவறைக் கண்டுபிடித்துவிடுவார். பதினோராவது சீரில் பாடகருக்கு இருமல் வந்தால் படிக்கிறவருக்கு நெஞ்சு அடைக்கும், ஏனென்றால் இன்னும் நாலே சீர்தான் பாக்கி என்று அவருக்குத் தெரியும்.

பிறகு சமூகம். யார் பாடலாம்? வருணப் பொருத்தத்தில் எழுத்துக்கே சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். கசப்பான விஷயம், ஆனால் நாவலின் அரசியல் அங்கேதான் இருக்கிறது. தனக்கு 'உரியது அல்லாத' எழுத்தில் ஒருவர் பாடிப் பலித்துவிட்டால், அந்த இலக்கணத்தைக் காத்து நின்ற சபை என்ன செய்யும்? கேட்பது கட்டாயம் என்பதால் அரசர்கள் மெழுகு வைத்துக் காதை அடைத்துக்கொள்வார்களா? காது கேளாதவர்தான் அந்த நாட்டின் சிறந்த மெய்க்காப்பாளரா?

இதில் சறுக்குமிடம் ஒன்று உண்டு. வெண்பாவை மந்திரமாக வைத்தால் நாவலில் வெண்பா எழுதிக் காட்டியாக வேண்டும். 'அவர் அற்புதமான வெண்பா பாடினார்' என்று எழுதித் தப்பிக்க முடியாது. யாப்பு வராதென்றால் முழுப் பாட்டும் தராமல் முதல் சொல்லையும் ஈற்றுச் சீரையும் மட்டும் காட்டும்படி காட்சியை அமையுங்கள். அதற்கும் இரண்டு சொல்லாவது நல்லதாகக் கிடைக்க வேண்டும்.

ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்: மந்திரத்துக்கு விலை வேண்டும் என்கிறார்கள். என் நாயகி மந்திரம் செய்தால் மூக்கில் ரத்தம் வந்து மயங்குவாள் என்று வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. மூக்கில் வரும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். துடைக்க முடியாத விலை வேண்டும்.

திருமூலர் கதையைப் பாருங்கள். சாத்தனூரில் மூலன் என்ற இடையர் இறந்து கிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. அதைத் தாங்காத சித்தர் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்து மாடுகளை வீடு சேர்க்கிறார். திரும்பி வந்தால் வைத்த உடலைக் காணோம். இனி காலமெல்லாம் மூலன் உடம்புதான். கூடுவிட்டுக் கூடு பாய்தலை எடுத்துக்கொள்ளும் நம் எழுத்தாளர்கள் பாய்தலை எழுதுகிறார்கள், வைத்த உடலை மறந்துவிடுகிறார்கள். அதை யார் காவல் காப்பது? எத்தனை நாழிகை தாங்கும்? எறும்பு வராதா? அன்று மாலை வாசலில் காத்திருந்த மூலன் மனைவிக்கு என்ன பதில்? கணவன் நடந்து வருகிறான், ஆனால் கணவன் இல்லை. எங்களைக் கேட்டால் நாவலே அந்தப் பெண்தான்.

விலை வேறொருவர் தலையில் விழுவது இன்னும் கனமானது. மணிமேகலைக்குக் கிடைத்த மந்திரங்கள் மூன்று: வேற்றுரு கொள்ள, வானில் செல்ல, பசி தாங்க. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் வந்து பார்த்து, தன் மனைவி வேறொருவனோடு பேசுகிறாள் என்று எண்ணி உதயகுமரனை வெட்டிவிடுகிறான். மந்திரம் துளியும் பிசகவில்லை. சரியாக வேலை செய்ததால்தான் ஒரு கொலை.

உங்கள் நாயகிக்கு இதைச் செய்து பாருங்கள். அவள் செய்யும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் எதிரே, அந்த நாளில் அதனால் நஷ்டப்பட்ட ஒருவரின் தொழிலையும் தெருவையும் எழுதுங்கள். ஐந்தாவது ஆள் வரும்போது எதிர் நாயகர் யார் என்பது தெரிந்துவிடும்.

வாசகர், மதுரை: அட்டமாசித்தி எட்டும் கைவந்தவன் என் நாயகன். இப்போது அவனைத் தோற்கடிக்க யாராலும் முடியவில்லை. வில்லனுக்கும் எட்டையும் கொடுத்துவிடட்டுமா?

கொடுத்தால் கடைசி ஐம்பது பக்கம் இரண்டு மலைகள் மோதும், படிக்கிறவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போவார். எட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கரிமா, அதாவது பாரமாதல். 60 கிலோ மனிதர் 600 கிலோ ஆகிறார். யாரும் நகர்த்த முடியாது, சரி. ஆனால் ஓட்டுவீட்டுக் கூரையில் நின்றால்? பரிசலில் இருந்தால்? வயலில் நடவு நேரத்துச் சேற்றில்? முழங்கால் எலும்பும் பத்து மடங்கு வலுவாகிறதா, இல்லையா? இல்லை என்றால் நின்றபடி செய்ய முடியாது, உட்கார்ந்துதான் செய்யலாம். அங்கே மந்திரத்துக்கு ஓர் உடல்மொழி கிடைக்கிறது. இலகிமா, அதாவது லேசாதல், வேண்டுமென்றால், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் உங்கள் ஆள் வெளியே தலைகாட்ட முடியாது.

அள்ளக் குறையாத சக்தியை எப்படி வீழ்த்துவது என்பதற்கு மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையைவிட நல்ல பாடம் இல்லை. சோறு வற்றாத அமுதசுரபிப் பாத்திரத்தை வைத்துப் பாண்டிய நாட்டின் பசியையெல்லாம் தீர்க்கிறான். இந்திரன் வரம் தர வந்து, ஏற்காமல் அவன் சிரித்ததில் கோபப்படுகிறான். பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. நாட்டில் மழையைப் பெய்வித்தான், அவ்வளவுதான். வயல் விளைந்தது, பசித்தவரே இல்லை, பாத்திரம் வேலையற்றுப் போனது. பசி இருக்கும் நாட்டைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறியவன் வழியில் மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான். ஆளே இல்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். சக்தியை எதிர்க்காமல் அதன் தேவையை ஒழிக்கும் வில்லன்தான் உங்கள் நாயகனுக்கு வேண்டும்.

ஆசிரியை, திருச்சி: மந்திரத்தின் விதிகளை வாசகருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? எங்கே சொல்வது?

அமெரிக்க ஃபேன்டசி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: மந்திரம் வாசகருக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதைக் கொண்டு கதைச்சிக்கலைத் திருப்தியாகத் தீர்க்க முடியும். மந்திரம் வியப்புக்கும் அச்சத்துக்கும் மட்டும் என்றால் விளக்கவே வேண்டாம். முடிச்சை அவிழ்க்கப் போகிறது என்றால் முன்கூட்டியே காட்டியாக வேண்டும்.

எங்கே என்றால், சடங்கில். இறந்த வீரருக்கு நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்து பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை. மூன்றாம் அத்தியாயத்தில் ஆறையும் வரிசையாக ஒருமுறை நடத்திக் காட்டுங்கள், யாரும் யாருக்கும் விளக்க வேண்டாம். இருபதாம் அத்தியாயத்தில் அவசரத்தில் நீராட்டாமலே கல்லை நடுகிறார்கள். ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை. வாசகருக்கு முதுகு சில்லிடும்.

"உனக்குத் தெரியாதா தம்பி, நம் குலத்தில்..." என்று தாத்தா பேரனுக்கு நாலு பக்கம் சொல்லும் காட்சி இருந்தால் அடித்துவிடுங்கள்.

வாசகி, யாழ்ப்பாணம்: பாத்திரங்களுக்கும் ஊர்களுக்கும் பெயர் வைப்பதில் திணறுகிறேன். வடமொழிப் பெயர் வைத்தால் புராணமாகிவிடுகிறது, தூய தமிழ் வைத்தால் மேடை நாடகம் போல் இருக்கிறது.

சொல்லுக்கு முதலில் வரும் எழுத்தைக் கவனியுங்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இவை பழைய இலக்கணப்படி முதலில் வாரா. அதனால்தான் ராமன் இராமன் ஆனார், லோகம் உலோகம் போன்ற சொற்கள் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டன. இதையே உங்கள் உலகத்தின் எல்லைக்கோடாக வையுங்கள். உள்நாட்டார் பெயர்கள் எல்லாம் இலக்கணத்துக்குள்: கூத்தி, நெடுவேள், அவியன், பொறையாறு. கடல் தாண்டி வந்தவர்கள் பெயர்கள் ட, ர, ல-வில் தொடங்கட்டும். இரண்டு அத்தியாயத்துக்குள் பெயரைக் கேட்டதும் இவர் அந்நியர் என்று வாசகர் காது சொல்லிவிடும். உள்நாட்டில் ஒருவர் தம் பெயர் 'ர'-வில் தொடங்குவதை மறைக்க முன்னால் ஓர் 'இ' சேர்த்துக்கொண்டு திரிகிறார் என்றால், அவர் கதை தனியாக ஓடும்.

முக்கியப் பாத்திரங்கள் இரண்டு பேருக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் வேண்டாம். கண் வேகமாக ஓடும்போது மாறனும் மாதவனும் ஒன்றாகிவிடுவார்கள்.

வாசகர், ஈரோடு: மூன்று வருடமாகக் குறிப்பு எழுதுகிறேன். வரைபடம், வம்சாவளி, நாணயம், நாள்காட்டி எல்லாம் தயார். 140 பக்கம். நாவலின் முதல் வரி இன்னும் வரவில்லை.

குறிப்பேட்டை மூடி வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வாரம் ஒரே காட்சி, 1,500 சொற்கள். உங்கள் மந்திரத்தை நன்கு கற்றவர் ஒருவர், அன்றாடக் காரியம் ஒன்றுக்காக அதைச் செய்கிறார். பால் பொங்கி வழியாமல் நிறுத்துவது போன்ற காரியம். அன்று அது பலிக்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல முடியவில்லை. எழுதும்போது குறிப்பேட்டைப் பார்க்கக் கூடாது. 140 பக்கத்தில் எது நினைவில் நின்று காட்சிக்குள் தானாக வருகிறதோ அதுதான் உங்கள் உலகம். நாணயத்தின் எடை வரவில்லை என்றால் வரவேண்டாம். காட்சியை எழுதி முடித்ததும் பால் என்ன ஆயிற்று என்று எங்களுக்கும் எழுதுங்கள்.